கண்ணாடித் தொட்டியில் கத்தரி வெயில்

சித்திரை பிறந்து பள்ளிக்கூடங்கள் மூடியவுடன் நமது கொங்கு நாட்டு வீடுகளுக்கு இரண்டு விருந்தாளிகள் வந்து சேர்வது வழக்கம். ஒன்று மண்பானை, மற்றொன்று மீன்தொட்டி. மண்பானையைப் பெரியவர்கள் விரும்பி வாங்குகிறார்கள். மீன்தொட்டியைக் குழந்தைகள் அழுது வாங்க வைக்கிறார்கள். இரண்டும் ஒரே கூடத்தில் எதிரும் புதிருமாக அமர்கின்றன. வெயில் ஏற ஏறப் பானையின் பெருமை ஏறுகிறது. மீனின் ஆயுளோ குறைகிறது. பானைக்குத் தெரிந்த வித்தையைப் பக்கத்திலிருக்கும் தொட்டிக்கும் சொல்லிக் கொடுக்கலாகாதா என்பதே இவ்வாரம் நேயர்களுடன் யோசிக்க நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

"நாட்டில் எத்தனையோ கவலைகள் இருக்க, மீன்தொட்டியும் ஒரு விஷயமா?" என்று சிலர் கேட்கக்கூடும். எட்டு வயதுக் குழந்தைக்கு, தான் பெயரிட்டு வளர்த்த மீன் ஒருநாள் காலையில் மல்லாந்து மிதப்பதைக் காட்டிலும் பெரிய கவலை கிடையாது. "வெயில் தாங்கவில்லை, போனால் போகிறது, வேறு வாங்கித் தருகிறேன்" என்று பெற்றோர் சமாதானம் சொல்கிறார்கள். ஓர் உயிர் போன காரணத்தை அறியாமலே மற்றோர் உயிரை அதே தொட்டியில் விடுவது குழந்தைக்கு நல்ல பாடமாகாது. ஆகையால் காரணத்தைச் சற்று விசாரிப்போம்.

நாம் வசிக்கும் மங்கலம், திருப்பூருக்கு மேற்கே நொய்யல் ஆற்றின் பக்கமாக அமைந்த ஊர். விசைத்தறிச் சத்தம் நிறைந்த ஊர். சென்ற கோடையில் தறி வைத்திருக்கும் அன்பர் ஒருவர் நம்மிடம் வந்து மிகுந்த வருத்தத்துடன் ஒரு சங்கதி சொன்னார்.

"வாத்தியாரய்யா, வெயில் தாங்காதுன்னு பிரிட்ஜிலே இருந்த ஐஸ் கட்டியெல்லாம் தொட்டியிலே கொட்டுனமுங்க. கொஞ்ச நேரம் மீனுங்க அசையாமெக் கெடந்துச்சுங்க. அப்புறம் ஒண்ணொண்ணா மல்லாந்திருச்சுங்க. குளிர்ச்சி பண்ணுனது தப்புங்களா?"

"குளிர்ச்சி தப்பில்லை, அவசரந்தான் தப்பு" என்று அவருக்குப் பதில் சொன்னோம். ஆனால் அந்த ஒரு வாக்கியம் போதாது. வெயில் நாளில் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் அதன் பொருள் விளங்கும்.

மீனும் நம்மைப் போலப் பிராணவாயுவைச் சுவாசிக்கிற பிராணிதான். நாம் காற்றிலிருந்து எடுத்துக்கொள்வதை அது ஜலத்தில் கரைந்திருக்கும் காற்றிலிருந்து செவுள் வழியே எடுத்துக்கொள்கிறது. ஜலத்துக்கு ஒரு சுபாவம் உண்டு. சூடு ஏற ஏற அது தன்னிடமுள்ள வாயுவை வெளியே விட்டுவிடும். 20 டிகிரி உஷ்ணத்தில் ஒரு லிட்டர் நல்ல ஜலத்தில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கக்கூடும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைகிறது; 35 டிகிரியில் ஏறக்குறைய 7 மில்லிகிராந்தான். இவையும் ஜலம் முழுமையாகக் காற்றோட்டம் பெற்றிருந்தால் கிடைக்கும் கணக்கு. அசையாமல் கிடக்கும் தொட்டியில் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

வரவு இப்படிக் குறைகையில் செலவு ஏறுகிறது. மீனுக்கு நம்மைப் போல் உடம்பில் நிலையான உஷ்ணம் கிடையாது. ஜலத்தின் சூடே அதன் உடம்பின் சூடு. ஜலம் 10 டிகிரி சூடேறினால் மீனின் உடம்பு வேலை செய்யும் வேகமும், அதற்கு வேண்டிய பிராணவாயுவும் ஏறக்குறைய இரட்டிப்பாகின்றன. சம்பளம் குறைந்த மாதத்தில் கல்யாணச் செலவும் வந்து சேர்ந்த குடும்பத்தின் நிலைமைதான் அது. கோடையில் இறக்கும் மீன்களில் பெரும்பாலானவை சூட்டில் வெந்து சாவதில்லை; மூச்சுக்குத் திண்டாடிச் சாகின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போகும் உபாயங்கள் எல்லாம் தாமே விளங்கும்.

மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், "பசிக்கிறது போலும்" என்று இரை போடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. செவுள் வேகமாகத் துடித்து, மீன் மேல்மட்டத்தை விட்டு இறங்காதிருந்தால் அது பசியன்று, மூச்சுத் திணறல். அந்த நேரத்தில் போடும் இரை அழுகி, இருக்கிற கொஞ்சம் பிராணவாயுவையும் தின்றுவிடும்.

இந்தத் திணறல் பிற்பகல் 3 மணிக்குத்தான் வரும் என்று எண்ணிவிடக்கூடாது. விடியற்காலைப் பொழுதும் அபாயமானதே. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர் 1850-ம் வருஷத்தில், தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே தொட்டியில் வைத்து, செடி விடும் பிராணவாயு மீனுக்கு உதவுவதை எடுத்துக் காட்டினார். அதன்பின் கண்ணாடித் தொட்டி உலகெங்கும் பரவியது. 1853-ல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் பொதுஜனங்களுக்கான மீன்காட்சி திறக்கப்பட்டது. நமது சென்னைக் கடற்கரையில், அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் துரையின் யோசனைப்படி, 1909-ல் ஒரு மீன் காட்சிச் சாலை ஏற்பட்டது. தொட்டி பரவிய அளவுக்கு ஓர் உண்மை பரவவில்லை. செடி பிராணவாயு கொடுப்பது வெளிச்சத்தில் மட்டுமே. இரவு முழுவதும் அதுவும் மீனைப் போல் பிராணவாயுவை உட்கொள்ளுகிறது. ஆகவே செடி அடர்ந்த தொட்டியில், சூடு தணியாத இரவின் கடைசி ஜாமத்தில்தான் பிராணவாயு மிகவும் குறைகிறது. "ராத்திரி நன்றாகத்தானே இருந்தது" என்று காலையில் வியப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லா மீனுக்கும் வெயில் ஒன்றல்ல. சீன தேசத்தில் ஆயிரம் வருஷங்களாக வளர்க்கப்பட்டு வந்த தங்கமீன் குளிர்ந்த ஜலத்துக்குப் பழகியது. 20 முதல் 24 டிகிரி வரை அதற்குச் சௌகரியம். நமது கோடையில் முதலில் கஷ்டப்படுவது அதுவே; நமது குழந்தைகள் முதலில் கேட்பதும் அதுவே! மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் பிறந்து, 'மிஸ் கேரளா' என்ற பெயரில் விற்பனையாகும் செங்கோட்டு மீனுக்கும் ஓடுகின்ற குளிர்ந்த ஜலம் வேண்டும். கப்பி மீன் சற்று உஷ்ணம் தாங்கும். சண்டை மீனுக்கும் கௌராமிக்கும் இயற்கை ஒரு சலுகை செய்திருக்கிறது. அவற்றின் தலையில் செவுளுக்கு மேலே ஓர் உறுப்பு உண்டு. மேலே வந்து காற்றையே நேரில் விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். நமது குளத்து விராலும் இவ்வாறே காற்றைக் குடித்து உயிர் வாழ்கிறது. ஓட்டு வீட்டிலும் தகரக் கூரை வீட்டிலும் குடியிருப்பவர்கள், மீன் வாங்கும்போதே இந்த வித்தியாசத்தை யோசித்து வாங்குவது உத்தமம்.

இனி, செய்ய வேண்டிய காரியங்களுக்கு வருவோம்.

முதலாவது, இடம். மேற்குச் சுவர் ஓரமும், பிரிட்ஜின் தலையும், ஜன்னல் வெயில் விழும் மூலையும் தொட்டிக்கு ஏற்றவையல்ல. வீட்டில் மிகவும் தாழ்ந்த, நிழலான, காற்று நடமாடும் இடம் எதுவோ அதுவே தொட்டியின் இடம். ஆனால் அந்த இடத்தைப் பங்குனியிலேயே தேர்ந்துவிட வேண்டும். நிறைந்த தொட்டியைத் தூக்கினால் கண்ணாடி ஒட்டு விட்டுப்போகும். தொட்டி விளக்கைப் பகலில் அணைத்து வைக்கலாம். கழுத்துக் குறுகிய உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் விளிம்புவரை ஜலம் நிரப்பினால், காற்றைத் தொடும் பரப்பு உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிடும். குடுவை வைத்திருப்பவர்கள் அதன் வயிறு அகன்ற மட்டத்தோடு ஜலத்தை நிறுத்திக்கொள்ளட்டும். பரப்பு அகலமான தொட்டியே எப்பொழுதும் மேல்.

இரண்டாவது, பானையின் வித்தை. மண்பானையின் நுண்ணிய துவாரங்கள் வழியே ஜலம் கசிந்து ஆவியாகிறது. ஆவியாகப் போகும் ஜலம் தனக்கு வேண்டிய உஷ்ணத்தை மிச்சமுள்ள ஜலத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறது. பானை ஜலம் குளிர்வதன் ரகசியம் இவ்வளவே. கண்ணாடியில் துவாரம் இல்லை. ஆனால் தொட்டியின் மேல்வாய் திறந்திருக்கிறதே! அதன் மீது மெல்லிய காற்று வீசும்படி ஒரு சிறிய மேஜை விசிறியைச் சாய்த்து வைத்தால், வறண்ட நாளில் ஜலத்தின் சூடு 2 முதல் 4 டிகிரி வரை இறங்கக் காண்கிறோம். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டால் ஆவியும் போகும்; மீனும் துள்ளி வெளியே விழாது. கடற்கரை ஊர்களில் காற்றே ஈரமாயிருப்பதால் இவ்வித்தை அவ்வளவாகப் பலிப்பதில்லை. நமது பக்கத்து வறண்ட சித்திரைக் காற்று இதற்கு மிகவும் அனுகூலமானது.

விசிறிக்குத் துணையாக, நமது ஊரில் குறைவில்லாமல் கிடைக்கும் வெள்ளைப் பனியன் துணித் துண்டுகளை நனைத்துத் தொட்டியின் வெளிப்பக்கம் மூன்று புறமும் போர்த்தி, அவ்வப்பொழுது ஜலம் தெளித்து வரலாம். சாயம் போட்ட துணி கூடாது. சாயநீர் ஒரு துளியும் உள்ளே விழலாகாது. விசிறியும் மின்சாரக் கம்பியும் ஈரத்தைத் தொடாத தூரத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பெரியவர்கள் தாமே கவனித்துச் செய்ய வேண்டும்.

இப்பொழுது ஐஸ் கட்டிக்கு வருவோம். 50 லிட்டர் ஜலம் கொள்ளும் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ ஐஸ் உருகி, உருகிய ஜலம் தொட்டியின் சூட்டை அடையும்வரை சுமார் 110 கிலோகலோரி உஷ்ணத்தை இழுக்கிறது. அதனால் தொட்டி இறங்குவது 2 டிகிரிக்குச் சற்று அதிகம். அதே தொட்டியிலிருந்து 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் ஜலம் ஆவியாகப் போனால் அதுவும் ஏறக்குறைய 116 கிலோகலோரியைக் கொண்டுபோகிறது. ஆகவே ஒரு டம்ளர் ஆவி, ஒரு கிலோ ஐஸுக்குச் சமானம்! ஐஸ் செய்கிற வேலையை விசிறியும் செய்கிறது. ஆனால் விசிறி மெதுவாக, பல மணி நேரத்தில் செய்கிறது. மீனின் உடம்புக்கு அந்த நிதானமே தேவை. சூடு திடீரென்று இறங்குவது, சூட்டைவிடக் கொடியது. மணிக்கு 1 டிகிரிக்கு மேல் இறக்காமலிருப்பது நல்லது. ஐஸ் தவிர வேறு வழியே இல்லாத அவசரத்தில், ஒரு சிறிய புட்டியில் ஜலம் அடைத்து உறையவைத்து, மூடியபடியே மிதக்கவிட்டு, உஷ்ணமானியைப் பார்த்துப் பார்த்து எடுத்துவிட வேண்டும். கட்டியை நேரே போடுவது கூடாது. தறிக்கார அன்பரின் தொட்டியோ 20 லிட்டருக்கு உட்பட்டது. தட்டுத் தட்டாக ஐஸ் கொட்டப்பட்டது. கணக்கை நேயர்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, காற்றோட்டம். காற்றுப் பம்பு விடும் குமிழிகள் ஜலத்தைக் குளிர்விப்பது மிகக் கொஞ்சம். ஆனால் ஜலத்தைப் புரட்டி, அடியிலிருப்பதை மேலே கொணர்ந்து காற்றைத் தொடச் செய்கின்றன. கோடை இரவில் பம்பை நிறுத்தவே கூடாது. மின்சாரம் நின்றுவிட்டால் கலங்க வேண்டாம். ஒரு சுத்தமான டம்ளரால் தொட்டி ஜலத்தையே மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்பத் தொட்டியிலேயே ஊற்றலாம். கால்மணிக்கு ஒருமுறை இருபது முப்பது டம்ளர் ஊற்றினால் போதும். காப்பி ஆற்றத் தெரிந்த வீட்டில் இதற்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. சோப்பு வாடையுள்ள பாத்திரம் மட்டும் ஆகாது.

நான்காவது, இரை. சூடான ஜலத்தில் மிச்சமான இரை சீக்கிரம் அழுகுகிறது. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவும் சூட்டில் அதிக விஷமாகிறது. ஆகவே கத்தரி நாட்களில் இரையைப் பாதியாக்கி, இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவே போட வேண்டும். ஆரோக்கியமான வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் நேர்ந்துவிடாது. ஊருக்குப் போகும் குடும்பத்தார் ஒரு வாரத்து இரையை ஒரே தடவையில் கொட்டிவிட்டுப் போவது, அன்பினால் செய்யும் கொலை.

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொருந்தும். இனிச் சொல்வது நமது நொய்யல் பக்கத்தாருக்கென்றே சொல்வது. ஆவியாகிறதென்றால் ஜலம் மட்டுமே போகிறது. அதிலிருந்த உப்பு போவதில்லை. விசிறி வைத்த 50 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு அரை லிட்டர் ஆவியாவதாக வைத்துக்கொள்வோம். மாதத்தில் 15 லிட்டர். அதை ஈடு செய்ய லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் உப்புள்ள ஆழ்குழாய்க் கிணற்று ஜலத்தையே ஊற்றி வந்தால், முதலில் 75 கிராம் உப்பிருந்த தொட்டியில் மேலும் 22 கிராமுக்கு அதிகமாகச் சேர்ந்துவிடுகிறது. இரண்டு மாதத்தில் உப்பு ஒன்றரைப் பங்குக்கு மேல். ஜலம் குளிர்ச்சியாகவே இருக்கும். மீன் மட்டும் வாடும். காரணம் கண்ணுக்குத் தெரியாது.

நமது வீடுகளில் 'நல்ல தண்ணீர்', 'உப்புத் தண்ணீர்' என்று இரண்டு குடங்கள் வேறு வேறாக இருப்பது யாவரும் அறிந்ததே. ஆவியான அளவை ஈடுசெய்ய எப்பொழுதும் நல்ல தண்ணீரையே ஊற்றுங்கள். குழாயில் வரும் ஜலமானால் ஒரு நாள் முழுவதும் அகன்ற வாளியில் திறந்து வைத்துக் குளோரின் வாடை போனபின் ஊற்றுங்கள். அல்லது மீன்கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் மருந்தை உபயோகியுங்கள். வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு ஜலத்தை எடுத்துவிட்டு, அதே சூடுள்ள புது ஜலம் விடுங்கள். எடுத்த ஜலம் துளசிக்கும் முருங்கைக்கும் நல்ல உரம்.

தொட்டியில் நாம் கண்ட இந்த உப்புக் கணக்கு நமது ஆற்றின் கணக்கும் ஆகும். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றுவதற்கு ஏராளமான உப்பு தேவை. அது சாயத்தைத் துணியில் ஏற்ற உதவிவிட்டு, தான் துணியில் தங்காமல் கழிவுநீரோடு வெளியே வந்துவிடுகிறது. அந்த நீர் பல வருஷ காலம் நொய்யலில் விடப்பட்டது. திருப்பூருக்குக் கிழக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று அணை கட்டி 1992-ல் திறந்தார்கள். சில வருஷங்களுக்குள் அது சாயக் கழிவு தேங்கும் இடமாகி, அந்த ஜலம் வேண்டாம் என்று குடியானவர்களே மறுக்கும்படி ஆயிற்று. வெயிலில் ஜலம் ஆவியாயிற்று. உப்பு நிலத்திலும் கிணற்றிலும் தங்கிற்று. 2011 ஜனவரி 28-ந் தேதி, கழிவுநீரைச் சுத்திகரித்து ஒரு சொட்டும் வெளியே விடாத நிலைக்கு வராத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பின் ஜலத்தைச் சவ்வு வழியே வடித்தும், மிச்சத்தைக் காய்ச்சி ஆவியாக்கியும் உப்பைத் தனியே பிரிக்கும் நிலையங்கள் முறையாயின. மின்சாரமும் பணமும் ஏராளமாகச் செலவிட்டு அங்கே செய்கிற காரியம், ஜலத்தையும் உப்பையும் பிரிப்பதுதான். சேர்ப்பது சுலபம், பிரிப்பதுதான் சிரமம்.

இந்த விடுமுறையில் பெற்றோர்கள் குழந்தைக்கு இரண்டாவது மீன் வாங்கித் தருமுன், ஒரு சிறிய உஷ்ணமானியும் ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்கித் தருவார்களாக. விடியற்காலை, பிற்பகல் 3 மணி, இரவு 9 மணி என்று மூன்று வேளையும் ஜலத்தின் சூட்டைக் குழந்தை எழுதிவரட்டும். தொட்டியின் வெளியே ஒரு காகிதப் பட்டை ஒட்டி, நாள்தோறும் ஜலமட்டம் எவ்வளவு இறங்கியது என்பதையும் குறிக்கட்டும். விசிறி வைத்த நாளும் வைக்காத நாளும் எப்படி வித்தியாசப்படுகின்றன என்பதைத் தானே கண்டுகொள்ளும். கத்தரி கழிந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்றுத் திரும்பி முதல் மழை பெய்ததும், அந்தத் தேதியையும் எழுதட்டும். கூரை நன்றாகக் கழுவப்பட்டபின் விழும் மழைஜலத்தில் இரண்டு குடம் பிடித்து மூடி வைத்தால், அடுத்து ஆவியாகும் அளவுக்கு ஈடு செய்ய அதைவிட நல்ல ஜலம் கிடையாது. அதில் உப்பே இல்லை.